வாய் இல்லாத பொம்மைகள்

"நாள் முழுக்கக் குழந்தையை டி.வி. முன்னால் உட்கார வைத்தேன்" என்று ஒரு தாய் சொன்னால் இன்றைக்கு யாருக்குத்தான் பிடிக்கும்? எனக்கும் பிடிக்காது. என் மருமகள் பேத்தி கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு ரசம் தாளிக்கப் போகும்போது என் முகம் போகிற போக்கை அவளும் கவனிக்காமல் இல்லை. ஆனால் என் வாழ்க்கையிலும் அப்படி ஒரு நாள் உண்டு. காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே சானல். நடுவில் அணைக்கவே இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் இல்லாவிட்டால் என் மூத்தவன் என்ன ஆகியிருப்பானோ என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

1976-ம் வருஷத்து ஆரம்பம். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு மில் ஊர். என்னவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் இஞ்சினீயர் வேலை. அவர் முதலில் போய் வீடு பார்த்து வைக்க, 1974-ல் நானும் இரண்டு வயதுக் குமரனுமாகப் போய்ச் சேர்ந்தோம். ஸ்ரீவைகுண்டத்தில் வாசல் தெளிக்கும்போதே நாலு வீட்டுச் சமாசாரம் காதில் விழும். அங்கேயோ, வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தும் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. எனக்கோ இங்கிலீஷ் புத்தகத்தில் படித்த அளவுதான். அந்த ஊர்க்காரர்கள் பேசினால் அதுவும் புரியாது.

துணைக்கு இருந்தது டெலிவிஷன் பெட்டி ஒன்றுதான். கறுப்பு வெள்ளை. வாரத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்தது. அது போதாதென்று வீட்டில் பெட்டி வைத்திருப்பதற்கு வருஷா வருஷம் லைசென்ஸ் வேறு. கறுப்பு வெள்ளைக்கு 8 பவுன், கலருக்கு 18 பவுன். "எட்டு பவுனா!" என்று நான் வாயைப் பிளந்ததும், தங்கம் இல்லை, காசுதான் என்று அவர் விளக்கியதும் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் சிரிப்பாக இருந்தது.

குமரனுக்கு நாலு வயது ஆகப் போகிறது, பேச்சு வரவில்லை. "ம்மா", "பா", "தா" என்று ஏழெட்டு வார்த்தை. அதுவும் நமக்குத்தான் புரியும். ஊரிலிருந்து அத்தை மாசம் இரண்டு ஏரோகிராம் போடுவார்கள். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்லி ஒரு கடிதம். பூண்டு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய் காதில் விடச் சொல்லி இன்னொன்று. "குமரகுருபரர் பிறந்த ஊர்க்காரி நீ, ஏன் கவலைப்படுகிறாய்? அவருக்கே அஞ்சு வயசில் திருச்செந்தூரில்தான் வாய் திறந்தது. நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்" என்று மற்றொன்று. அதைப் படிக்கும்போது மட்டும் மனசு கொஞ்சம் ஆறும்.

குழந்தையை ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் தொண்டையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று கேட்டார். தமிழ் என்றோம். இரண்டு பாஷை சேர்ந்து குழந்தையைக் குழப்புகிறது, இனி இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை என்பது இன்றைக்குத் தெளிவான விஷயம். அன்றைக்கு எங்களுக்கு யார் சொல்ல?

என்னவர் சட்டமே போட்டுவிட்டார். "இனிமே வீட்ல இங்கிலீஷ்தான். அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பெற்ற பிள்ளையோடு எனக்குத் தெரியாத பாஷையில் கொஞ்ச வேண்டும் என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். "கம், ஈட், ஸ்லீப்" இதற்கு மேல் எனக்கு வராது. ஒரு நாளில் நூறு வார்த்தை பேசுகிறவள் பத்து வார்த்தை பேசலானேன்.

ஆனால் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். சாயந்திரம் செய்திக்கு முன்னால் பி.பி.சி. ஒன்றில் 'மேஜிக் ரவுண்டபவுட்' என்று ஐந்தே நிமிஷம் ஒரு பொம்மைப் படம் வரும். முகமெல்லாம் முடி தொங்குகிற ஒரு நாய், ஒரு நத்தை, ஒரு முயல், ஒரு பசு. என்னவர் அப்போதெல்லாம் ராத்திரி ஷிப்ட். பகலில் மாடியில் தூங்குவார், சாயந்திரம் அந்த நேரத்தில் எழுந்து குளிக்கப் போவார். அந்த ஐந்து நிமிஷம் நான் குமரனை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவன் காதோடு காதாக என் கதையைச் சொல்வேன். நத்தைக்குப் பெயர் சங்கரன். பசு எங்கள் வீட்டு லட்சுமி. நாய்க்கு முடி வெட்ட அம்பட்டர் வரவில்லை, அதனால்தான் இந்தக் கோலம். ஒவ்வொரு நாளும் என்ன தோன்றுகிறதோ அதுதான் கதை. குமரன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். காது கேட்காத பிள்ளை இப்படிச் சிரிக்குமா? காதில் குறை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமலே போனதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம்.

என்னவர் பகலில் தூங்குவார் என்றேனே, அதனால் எங்கள் வீட்டில் டெலிவிஷன் எப்போதும் முணுமுணுப்பாகத்தான் இருக்கும். குழந்தை அதன் சத்தத்தைக் கூட்டுகிறானா, குறைக்கிறானா என்று பார்க்கவே வழி இல்லை.

அந்த வாரம் அவருக்குப் பகல் ஷிப்டாக மாறியது. குமரனுக்கு மறுபடியும் ஜலதோஷம். அந்த ஊருக்குப் போனதிலிருந்து அவனுக்கு மூக்கு ஒழுகாத நாளே கிடையாது. வெளியே ஐஸ் மழை. காலையில் பெட்டியைப் போட்டுவிட்டு, மாடியில் தூங்குகிறவர் இல்லையே என்று சத்தத்தையும் நன்றாக வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

காலையில் பி.பி.சி. ஒன்றில் பள்ளிக்கூடப் பாடங்கள் ஓடும். வகுப்பறையில் டெலிவிஷன் வைத்து வாத்தியார்கள் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். பூகோளம், கணக்கு, பூச்சி புழு என்று விதவிதமாக. ஒரு பாடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் திரையில் ஓர் உருவம் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். கூடவே வாத்திய சங்கீதம். நான் துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறேன், திடீரென்று வீடே அதிர்கிறது! ஓடி வந்து பார்த்தால் குமரன் சத்தத் திருகைக் கடைசி வரை திருகிவிட்டு, பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்து நிற்கிறான். அடுத்த வீட்டுப் பாட்டி சுவரில் டொக் டொக்கென்று தட்டுகிறார். "குமரா! ஏய் குமரா!" என்று பின்னாலிருந்து கத்தினேன். திரும்பவில்லை. அடம் என்று நினைத்தேன். முதுகில் ஒன்று வைத்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... எதற்கு அடிக்கிறாய் என்று கேட்கிற பார்வை. ஐம்பது வருஷம் ஆகப் போகிறது, அந்த அடியை என்னால் மறக்க முடியவில்லை.

பகல் ஒரு மணிக்கு 'பெபிள் மில் அட் ஒன்'. பர்மிங்ஹாமில் பி.பி.சி. கட்டடத்தின் வாசல் ஹாலில் உட்கார்ந்து பேசுவார்கள். 1972-ல் தொடங்கியது. சமையல், தோட்டம், பாட்டு, யாராவது ஒரு விருந்தாளி. பின்னால் கண்ணாடி வழியாக வெளி உலகம் தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்த புரோகிராம். அன்றைக்கு மனசு அதில் ஒட்டவில்லை.

அது முடிந்ததும் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு கால் மணி. அன்று 'ட்ரம்ப்டன்'. 1967-ல் எடுத்தது, திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஒரு குட்டி ஊர், மேயர், தீயணைப்புப் படை. எல்லாம் பொம்மைகள். பிரயன் கான்ட் என்கிறவர் குரல் கொடுப்பார். ஐயோ, என்ன குரல் அது! தாத்தா கதை சொல்வது போல இருக்கும். இங்கிலீஷ் புரியாத எனக்கே கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று தோன்றும். குமரன் இரண்டு நிமிஷம் பார்த்தான். எழுந்து போய் டம்ளர்களை அடுக்க ஆரம்பித்துவிட்டான். எப்போதும் அப்படித்தான். "இவனுக்கு இது பிடிக்காது" என்று விட்டிருந்தேன்.

பிற்பகலில் நிகழ்ச்சி இல்லாத நேரம் வரும். அப்போதெல்லாம் இருபத்து நாலு மணி நேர டி.வி. ஏது? சும்மா ஒரு படம் நிற்கும். ஒரு சின்னப் பெண் ஒரு கோமாளி பொம்மையோடு கரும்பலகையில் கட்டம் போட்டு விளையாடுவது போல. 1967-லிருந்து அந்தப் படம்தான். பி.பி.சி. இஞ்சினீயர் ஒருவர் தன் மகளையே படம் எடுத்து அதில் வைத்தாராம். பின்னால் சங்கீதம் ஓடும். குமரனுக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும், விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அவன் அப்படித் தொட்டுக்கொண்டிருந்தபோது நான் சும்மா இருக்காமல் சங்கீதத்தை நிறுத்திப் பார்த்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி நிறுத்தினேன். அவனிடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 'படத்தில் லயித்திருக்கிறான்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அடிவயிற்றில் என்னவோ செய்தது.

நாலரை மணி வாக்கில் 'ப்ளே ஸ்கூல்'. குழந்தைகளுக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள் நேருக்கு நேராக நின்று பேசுவார்கள், பாடுவார்கள், குதிப்பார்கள். வட்ட ஜன்னல், சதுர ஜன்னல், வளைவு ஜன்னல் என்று மூன்று உண்டு. அன்றைக்கு எந்த ஜன்னல் வழியாகப் போகப் போகிறோம் என்று குழந்தைகளைக் கேட்பார்கள். குமரன் டம்ளர்களைப் போட்டுவிட்டு ஓடி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் அதே பிரயன் கான்ட். முகத்தைக் கோணிக்கொண்டு என்னவோ சொல்கிறார், குமரன் கை தட்டிச் சிரிக்கிறான். அவர் வாய் எப்படிப் போகிறதோ அப்படியே இவன் வாயும் போகிறது. சத்தம் மட்டும் இல்லை.

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை.

அதே குரல். மதியம் கேட்டபோது எழுந்து போனவன், இப்போது விழுந்து விழுந்து சிரிக்கிறான். என்ன வித்தியாசம்? மதியம் வந்த பொம்மைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கண் உண்டு, மூக்கு உண்டு. வாய் கிடையாது! ட்ரம்ப்டன் பொம்மைகளுக்கு வாயே வைக்கவில்லை. பார்க்கிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை, குரல் கேட்கிறதே. ஆனால் குரலைக் கேட்காமல் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தைக்கு?

'ப்ளே ஸ்கூல்' முடிந்து 'ஜாக்கனோரி'. 1965-லிருந்து வந்துகொண்டிருந்த கதை நேரம். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகக் கதை சொல்வார். நடுநடுவே திரையில் அவர் முகம் போய்ப் படங்கள் வரும்; குரல் மட்டும் தொடரும். நான் குமரனைத்தான் பார்த்தேன். முகம் வந்தால் பார்க்கிறான். படம் வந்து கொஞ்ச நேரம் ஆனால் சட்டை பட்டனைத் திருகுகிறான். முகம் திரும்பினால் நிமிர்கிறான். கை நடுங்க, அவனுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் போய்ச் சத்தத்தை அடியோடு நிறுத்தினேன். கதை சொல்கிறவர் ஊமையாக வாயசைக்கிறார். குமரன் முன்போலவே புன்சிரிப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவனுக்கு அது எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது!

அழக்கூடத் தோன்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து வந்தது 'விஷன் ஆன்'. அன்று அது வந்ததைத் தெய்வச் செயல் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். காது கேளாத குழந்தைகளையும் மனசில் வைத்து 1964-லிருந்து பி.பி.சி. நடத்திய புரோகிராம் அது. 1976-ம் வருஷம்தான் அதன் கடைசி வருஷம். பாட் கீசெல் என்ற பெண்மணி பேசும்போதே கையாலும் பேசுவார். டோனி ஹார்ட் என்கிறவர் மளமளவென்று படம் வரைவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். பிறகு குழந்தைகள் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். எல்லாமே கண்ணுக்கு விருந்து. நானும் பல தடவை பார்த்திருக்கிறேன், "ஏன் இந்தம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள்" என்று நினைத்ததோடு சரி. அன்றைக்கு அந்தக் கைகள் எதற்காக என்று புரிந்தது. குமரன் முதலிலிருந்து கடைசி வரை அசையவில்லை.

பிறகு எங்கள் 'மேஜிக் ரவுண்டபவுட்'. வழக்கம் போல வந்து மடியில் ஏறினான். நான் வேண்டுமென்றே முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "சங்கரன் இன்னைக்கு எங்க கிளம்பிட்டான்?" என்று ஆரம்பித்தேன். அவன் சிரிக்கவில்லை. திரும்பினான். என் மோவாயைப் பிடித்து இழுத்துத் தன் காதின் மேல் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அழுதேன்.

என்னவர் ஆறரைக்கு வந்தார். 'நேஷன்வைட்' ஓடிக்கொண்டிருந்தது. சொன்னேன். நம்பவில்லை. சமையலறையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் குமரன் முதுகுக்குப் பின்னால் தரையில் போட்டார். குழந்தை திரும்பினான். "பாத்தியா, கேக்குதே! சும்மா எதையாவது கற்பனை பண்ணிக்கிட்டு" என்றார். எனக்கும் குழப்பமாகிவிட்டது. இந்த இடத்தை இளம் தாய்மார்கள் நன்றாக மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். டம்ளர் விழுந்தால் திரும்புகிற குழந்தைக்கு மெல்லிய பேச்சு கேட்கிறது என்று அர்த்தமில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். அடுத்த அறையில் "பால் வேணுமா" என்று கேட்பது கேட்காது. அதிலும் ஒரு நாள் கொஞ்சம் நன்றாகக் கேட்கும், ஜலதோஷம் வந்தால் மட்டமாகிவிடும். "வேண்டியபோது கேட்குது, வேண்டாதபோது கேட்காது, கள்ளப் பய" என்று நாமும் சொல்லிவிடுவோம்.

அன்று ராத்திரி சமைக்க ஓடவில்லை, ரொட்டியும் பாலும்தான். அந்த ஊரில் 1957 பிப்ரவரி வரை சாயந்திரம் ஆறிலிருந்து ஏழு மணி வரை டெலிவிஷனே கிடையாதாம். தாய்மார்கள் குழந்தைகளைத் தூங்க வைக்கட்டும் என்று நிறுத்தி வைப்பார்களாம். நல்ல ஏற்பாடு என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படி இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேர மௌனத்தை நான் எப்படித் தாங்கியிருப்பேனோ. ஒன்பது மணிச் செய்தி வந்தது, என்னென்னவோ வந்தது. கடைசியில் ராணி வாழ்க என்று அவர்கள் தேசிய கீதம் முடிந்து திரை இருண்ட பிறகும் உட்கார்ந்தே இருந்தேன். அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "நாளைக்கு லீவு போடறேன்" என்றார். தமிழில்தான் சொன்னார்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு அங்கே ஹெல்த் விசிட்டர் என்று ஒரு நர்ஸ் வருவார். எங்களுக்கு வந்த அம்மாள் நான் உடைந்த இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். அந்த ஊரில் பிறந்த குழந்தைகளுக்கு ஏழெட்டு மாசத்தில், பின்னாலிருந்து கிலுகிலுப்பை ஆட்டிக் காதைச் சோதிப்பார்களாம். குமரன் இரண்டு வயதில் போனவன், அதிலிருந்து தப்பிவிட்டான். அவரே கடிதம் எழுதிக் காது ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே குமரன் கையில் மரக்கட்டைகளைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒன்றை டப்பாவில் போடச் சொல்லி விளையாட்டுக் காட்டினார்கள். பெரிய சத்தத்துக்குப் போட்டான். குறைத்துக்கொண்டே வந்தார்கள். கட்டையை வைத்துக்கொண்டு காத்திருந்தான், காத்திருந்தான்... கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கே அந்தச் சத்தம் கேட்டது.

வியாதிக்கு அந்த ஊரில் 'க்ளூ இயர்' என்று பெயர். க்ளூ என்றால் பசை. செவிப்பறைக்குப் பின்னால் காற்று இருக்க வேண்டிய இடத்தில் பசை மாதிரி நீர் கட்டிக்கொள்கிறது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குக் காற்று போக ஒரு மெல்லிய குழாய் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் ஜலதோஷத்தில் சுலபமாக அடைபடும். வலி அநேகமாக இராது, சீழ் வராது. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. பத்து வயதுக்குள் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது வருகிறது என்கிறார்கள். பெரும்பாலும் மூன்று மாசத்தில் தானே வடிந்துவிடும். குமரனைப் போல நீடித்துப் போகிற பிள்ளைகளுக்குத்தான் வைத்தியம்.

அத்தை எழுதின பூண்டு எண்ணெயைப் பற்றியும் வெட்கத்தை விட்டு டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் காதைப் படம் போட்டுக் காட்டினார். நாம் எண்ணெய் விடுவது செவிப்பறைக்கு இந்தப் பக்கம், நீர் இருப்பது அந்தப் பக்கம். போய்ச் சேரவே சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய் கெடுதல்தான் செய்யும். தீக்குச்சி, ஹேர்பின் இதெல்லாமும் கூடாது.

சில மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்தார்கள். மயக்கம் கொடுத்து, செவிப்பறையில் சின்னக் கீறல் போட்டு, நீரை உறிஞ்சி எடுத்து, கிராமெட் என்று ஒரு குட்டிக் குழாயை வைத்தார்கள். கேழ்வரகு மணியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அது வழியாகக் காற்று போய் வரும். ஒரு வருஷத்துக்குள் தானாகவே விழுந்துவிடும். குழந்தை அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும் என்கிறார்கள் இப்போது. அன்று ஒரு ராத்திரி வைத்துக்கொண்டார்கள்.

ஊருக்கு எழுதினோம். அத்தை பதில் போட்டார்கள்: "காதில் குழாய் வைத்தார்களோ, குமிழ் வைத்தார்களோ, முருகன் வைத்தது என்று நினைத்துக்கொள். ஊருக்கு வரும்போது திருச்செந்தூரில் மொட்டை போட வேண்டும்." போட்டோம்.

பேச்சு உடனே கொட்டிவிடவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வாரா வாரம் ஒன்றரை வருஷம் போனோம். முதல் நாள் அந்தப் பெண்ணிடம் பயந்துகொண்டே கேட்டேன், வீட்டில் எந்தப் பாஷை பேசலாம் என்று. "எந்தப் பாஷையில் உங்களுக்குப் பாட்டு வருமோ அதில்" என்றாள். சின்னப் பெண்தான், இருபத்தைந்து வயதுகூட இராது. அவள் நன்றாக இருக்க வேண்டும்.

இன்றைக்குப் பிறந்த குழந்தைக்கே ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்துவிடுகிற வசதி பல இடங்களில் வந்துவிட்டது. செய்துகொள்ளுங்கள். ஆனால் இந்தப் பசைக்காது பிறந்த பிறகு வருவது. பிறந்தபோது 'பாஸ்' ஆன பிள்ளைக்கும் வரும். டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றால் உடனே கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போகிற நாம், சத்தத்தைக் கூட்டினால் திட்டுகிறோமே தவிர வேறு ஒன்றும் யோசிப்பதில்லை. முகம் காட்டாமல் பின்னாலிருந்து, கத்தாமல், குழந்தைக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். "ஐஸ்க்ரீம்" என்று சொன்னால்கூடத் திரும்பவில்லையென்றால் அது அடம் இல்லை.

'மேஜிக் ரவுண்டபவுட்' சமாசாரம் ஒன்று பாக்கி இருக்கிறது. ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அது பிரான்ஸ் தேசத்துப் படமாம். செர்ஜ் டானோ என்கிறவர் எடுத்தது. பி.பி.சி.க்காக அதற்கு இங்கிலீஷ் கதை எழுதிக் குரலும் கொடுத்தவர் எரிக் தாம்ஸன், நடிகை எம்மா தாம்ஸனின் அப்பா. அவர் பிரெஞ்சுக் கதையை மொழிபெயர்க்கவே இல்லையாம். படத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் மனசுக்குத் தோன்றின கதையைத் தானே எழுதினாராம்! படித்தவுடன் குமரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப சங்கரன்தாம்மா ஒரிஜினல்" என்றான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவன் எல்லாவற்றுக்கும் பயந்தான். குழாயில் தண்ணீர் விழுந்தால் பயம், பேப்பர் கசங்கினால் பயம். கடிகாரத்தின் கீழே போய் நின்றுகொண்டு அதையே பார்ப்பான். சாயந்திரம் வழக்கம்போல மடியில் வந்து உட்கார்ந்தான். படம் ஆரம்பித்தது. நானும் வழக்கம்போலக் காதோடு வாயை வைத்து, "சங்கரன்..." என்றேன்.

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு என் முகத்தைத் தள்ளிவிட்டான்.

"ம்மா! கத்தாத!"